வல்லெட்டா துறைமுகத்தைச் சுற்றி: மால்டா வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மால்டாவுக்கு வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் கடற்கரைகளின் பட்டியலோடு வருகிறார்கள். தலைநகர் வல்லெட்டாவுக்கு அரை நாள் ஒதுக்கி, கடைத்தெருவில் நடந்து, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. இந்தத் தீவின் வரலாற்றில் பாதிக்கு மேல் ஒரே துறைமுகத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. அந்தத் துறைமுகத்தின் கோட்டைகளும் தேவாலயங்களும் சிறைகளும் சுரங்கங்களும் இன்றும் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

வல்லெட்டா எவ்வளவு பெரிய ஊர்?

ரொம்பச் சின்னது. மால்டா நாடே மொத்தம் 316 சதுர கிலோமீட்டர்தான், சிசிலித் தீவுக்குத் தெற்கே கிடக்கிறது. அதில் வல்லெட்டா, கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு பாறை முனை. நகர வாசலில் நுழைந்து நேராக நடந்தால் மறுமுனையில் இருக்கும் கோட்டைக்குக் கால் மணி நேரத்தில் போய்விடலாம். முனையின் ஒரு பக்கம் கிராண்ட் ஹார்பர் என்னும் பெரிய துறைமுகம், மறுபக்கம் மார்சம்ஷெட் துறைமுகம். இரண்டுமே மனிதர் தோண்டாத, இயற்கையாக அமைந்த ஆழமான துறைமுகங்கள்.

1980இல் யுனெஸ்கோ இந்த ஊர் முழுவதையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெறும் 55 ஹெக்டேருக்குள் 320 நினைவுச் சின்னங்கள் இருப்பதாக அவர்கள் கணக்கு. அத்தனையையும் பார்க்க முயற்சி செய்யாதீர்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்?

அப்பர் பராக்கா தோட்டத்திலிருந்து. வேறு எங்கேயும் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். நகர வாசலிலிருந்து ஐந்து நிமிட நடை, நுழைவுக் கட்டணம் கிடையாது. தோட்டத்தின் விளிம்பில் இருக்கும் வளைவுகளுக்கு அருகில் போய் நின்றால் துறைமுகம் முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். எதிர்க்கரையில் மூன்று நாக்குகள் போல நிலம் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் இடப்பக்கத்து முனை கால்காரா. நடுவில் கோட்டையோடு தெரிவது பிர்கு, அதற்கு வலப்பக்கம் செங்லேயா. இவை இரண்டுக்கும் இடையில் இருக்கும் கால்வாயின் உள்முனையில் போர்ம்லா இருக்கிறது. பிர்கு, செங்லேயா, போர்ம்லா மூன்றையும் சேர்த்து ‘மூன்று நகரங்கள்’ என்பார்கள். இந்தக் காட்சியை மனதில் வாங்கிக்கொண்டால், அப்புறம் பார்க்கப் போகிற ஒவ்வொரு இடமும் எதற்காக அங்கே இருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

தோட்டத்துக்கு நேர் கீழே வரிசையாகப் பீரங்கிகள் நிற்கும். தினமும் நண்பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் சுடுவார்கள். பிரிட்டிஷ் காலத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள நண்பகல் வெடி பயன்பட்டது. பழைய பீரங்கிப் படைச் சீருடையில் வீரர்கள் வந்து, குழலைத் துடைத்து, மருந்து திணித்து, ஆணைக்காகக் காத்து நிற்பார்கள். வெடிச் சத்தம் எதிர்க்கரைக் கோட்டையில் மோதித் திரும்பி வருவதைக் கேட்கலாம். கைக்குழந்தை இருந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள், சத்தம் நிஜமாகவே பெரிது.

இந்தத் துறைமுகத்துக்கு அப்படி என்ன முக்கியத்துவம்?

மத்தியதரைக் கடலின் நடுவில் ஒரு கப்பல்படை முழுவதும் புயலுக்கு ஒதுங்கி நிற்கக்கூடிய இடம் இது. ஆகவே கடலை ஆள நினைத்தவர்கள் எல்லோருக்கும் இது தேவைப்பட்டது. பினீசியர், ரோமர், அரபியர், நார்மானியர் என்று வரிசையாக வந்தார்கள். ஆனால் இன்று கண்ணுக்குத் தெரிகிற ஊரை உருவாக்கியவர்கள் புனித யோவான் சபையின் வீரத்துறவியர். ஐரோப்பாவின் உயர்குடிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். துறவு வாக்கும் உண்டு, வாளும் உண்டு. எருசலேமில் நோயாளிகளைப் பராமரிக்கத் தொடங்கிய சபை பிறகு போர்ப்படையாக மாறியது. 1522இல் உதுமானியப் பேரரசர் சுலைமான் அவர்களை ரோட்ஸ் தீவிலிருந்து வெளியேற்றினார். நாடில்லாமல் அலைந்தவர்களுக்கு 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைக் கொடுத்தார். ஆண்டு வாடகை ஒரே ஒரு வல்லூறு.

வந்தவர்கள் பிர்குவில் குடியேறினார்கள். வல்லெட்டா அப்போது வெறும் பாறைக்குன்று. அதன் முனையில் செயின்ட் எல்மோ என்ற சின்னக் கோட்டையைப் பிறகு 1552இல் கட்டினார்கள்.

1565 மே மாதம் சுலைமானின் படை மால்டாவைத் தேடி வந்தது. கப்பல்கள் பத்திரமாக நிற்க மார்சம்ஷெட் துறைமுகம் வேண்டும், அதற்கு வாயிலில் இருக்கும் எல்மோவை முதலில் பிடிக்க வேண்டும். சில நாட்களில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. இரவில் பிர்குவிலிருந்து படகுகள் துறைமுகத்தைக் கடந்து புதிய ஆட்களை எல்மோவுக்குள் கொண்டுபோய் விட்டு, காயம்பட்டவர்களைத் திரும்ப ஏற்றிவந்தன. போகிறவர்களுக்குத் திரும்ப மாட்டோம் என்று தெரியும். ஜூன் 23 அன்று கோட்டை விழுந்தபோது உள்ளே இருந்தவர்களில் மிகச் சிலரே உயிர் தப்பினார்கள். உதுமானியத் தரப்பின் மிகப் பெரிய கடற்தளபதியான துர்குத் ரெயிஸும் இந்த முற்றுகையில்தான் காயம்பட்டு இறந்தார்.

ஆனால் அந்த ஒரு மாதம் மறுகரையைக் காப்பாற்றிவிட்டது. பிர்குவும் செங்லேயாவும் கோடை முழுக்கத் தாக்குப்பிடித்தன. இரண்டுக்கும் இடையே இருக்கும் கால்வாயின் வாயைப் பெரிய இரும்புச் சங்கிலியால் அடைத்திருந்தார்கள். செப்டம்பரில் சிசிலியிலிருந்து உதவிப் படை இறங்கியதும் முற்றுகை முடிந்தது. செப்டம்பர் 8 இன்றும் மால்டாவில் தேசிய விடுமுறை. அன்று இதே துறைமுகத்தில் படகுப் போட்டி நடக்கும்.

அடுத்த ஆண்டே, 1566 மார்ச் 28 அன்று, எதிரி பீரங்கி வைத்த அதே குன்றின் மேல் புதிய நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார் சபையின் தலைவர் லா வலெட். நகரம் அவர் பெயரையே எடுத்துக்கொண்டது. போப்பாண்டவர் அனுப்பிய பொறியாளர் பிரான்செஸ்கோ லாப்பரெல்லி தெருக்களை நேர்கோட்டில் சதுரங்கக் கட்டம் போல வகுத்தார். கடற்காற்று ஊருக்குள் ஓட வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர்த் தொட்டி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதே யோசித்தது. ஆற்றுநீர் இல்லாத தீவு, முற்றுகையின் நினைவு ஆறாத காலம். அந்தத் தொட்டிகளின் அருமை கட்டியவர்களுக்குத் தெரியும்.

செயின்ட் எல்மோ கோட்டைக்குள் இப்போது என்ன இருக்கிறது?

தேசியப் போர் அருங்காட்சியகம். 1565 முற்றுகையை விளக்கும் பகுதியும் நன்றாக இருக்கும், ஆனால் கூட்டம் நிற்பது இரண்டாம் உலகப்போர்ப் பகுதியில்தான். போரின் தொடக்கத்தில் மால்டாவின் வான்காவலாக இருந்த சில பழைய கிளாடியேட்டர் விமானங்களில் எஞ்சிய ‘ஃபெய்த்’தின் உடற்பகுதியும், வீரத்துக்காக நாடு முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட ஜார்ஜ் கிராஸ் பதக்கமும் இங்கே இருக்கின்றன. கோட்டைக்குள் இருக்கும் சிறிய சிற்றாலயத்தைத் தவறவிடாதீர்கள். கடைசி நேரத்தில் எஞ்சிய வீரர்கள் நின்ற இடங்களில் ஒன்று அது.

புனித யோவான் பேராலயம் பார்த்தே ஆக வேண்டியதா? வெளியிலிருந்து சாதாரணமாகத் தெரிகிறதே?

கட்டாயம் பாருங்கள். வெளித்தோற்றம் எளிமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1570களில் இதைக் கட்டிய ஜிரோலமோ கசார் கோட்டை கட்டுவதில் தேர்ந்தவர், ஊரும் அப்போதுதான் போரிலிருந்து எழுந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் கண் கூசும். கூரை முழுக்க மத்தியா பிரேத்தி 1660களில் வரைந்த திருமுழுக்கு யோவானின் வாழ்க்கை. சுண்ணாம்புப் பூச்சில் வரையாமல் கல்லின் மேலேயே எண்ணெய் வண்ணத்தால் தீட்டியது. சுவரெல்லாம் செதுக்கிப் பொன் பூசிய கல். தரையோ ஏறக்குறைய 400 கல்லறைப் பலகைகள். ஒவ்வொன்றும் பல நிறப் பளிங்குத் துண்டுகளை இழைத்துச் செய்தது. எலும்புக்கூடுகள், மணல் கடிகாரங்கள், குலச்சின்னங்கள். இறந்த வீரத்துறவியரின் மேல்தான் நடக்கிறோம். ஒலிக்கருவி கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

அதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு பக்கத்து அறைக்குப் போங்கள். அங்கே இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ‘திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு’ தொங்குகிறது. 1608இல் இந்த அறைக்காகவே வரைந்தது, இன்றும் அதே அறையில். அகலம் ஐந்து மீட்டருக்கு மேல்.

அவசரப்படாமல் உட்கார்ந்து பாருங்கள். ஒரு சிறை முற்றம். யோவான் தரையில் குப்புறக் கிடக்கிறார், கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருக்கின்றன. வாள் வேலை முடிந்து தரையில் கிடக்கிறது, ஆனால் தலை முழுதாகத் துண்டிக்கப்படவில்லை. அதனால் கொலைஞன் ஒரு கையால் முடியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இடுப்புக்குப் பின்னால் செருகியிருக்கும் குறுங்கத்தியை உருவப் போகிறான். சிறைக் காவலர் தாம்பாளத்தை விரலால் சுட்டிக்காட்டுகிறார். ஒரு பெண் அதை ஏந்திக் குனிந்திருக்கிறாள். ஒரு மூதாட்டி மட்டும் தலையைக் கையால் பிடித்துக்கொண்டு பதறுகிறாள். வலப்பக்கம் பாதிச் சித்திரம் கிட்டத்தட்ட வெறுமை. கம்பிச் சன்னலுக்குப் பின்னால் இரண்டு கைதிகள் எட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். யோவானின் கழுத்திலிருந்து வழிந்த இரத்தத்தை உற்றுப் பாருங்கள். அந்தச் சிவப்பிலேயே ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். கரவாஜியோ கையெழுத்திட்டதாக நமக்குத் தெரிந்த ஒரே ஓவியம் இதுதான்.

ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடிவந்தவர் அவர். இங்கே 1608 ஜூலையில் அவரையும் சபையில் வீரராகச் சேர்த்துக்கொண்டார்கள். சில வாரங்களில் மறுபடி ஒரு கைகலப்பு, சிறை. எதிர்க்கரையில் இருக்கும் செயின்ட் ஆஞ்சலோ கோட்டையிலிருந்து தப்பி சிசிலிக்குப் போனார். டிசம்பரில் சபை கூடி அவரை விலக்கியது. கூடிய இடம் இந்த அறைதான், அந்த ஓவியத்தின் முன்னால்.

அதே அறையில் அவருடைய ‘புனித ஜெரோம்’ ஓவியமும் இருக்கிறது.

உடை, செருப்பு விஷயத்தில் கட்டுப்பாடு உண்டா?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கூர்மையான குதிகால் செருப்பு கூடாது, பளிங்குத் தரை கெடும். நம் ஊர்ச் சுடிதார், சேலை எல்லாம் பிரச்சினையே இல்லை.

மூன்று நகரங்களுக்கு எப்படிப் போவது? பேருந்தா, படகா?

படகுதான். பேருந்தும் இருக்கிறது, ஆனால் அது துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போகும். இந்தக் கோட்டைகள் கடல் வழியாக வருகிறவனைப் பார்த்துக் கட்டியவை. அவற்றைத் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு தடவையாவது அண்ணாந்து பார்க்க வேண்டும்.

அப்பர் பராக்காவிலிருந்து ஒரு லிஃப்ட் 58 மீட்டர் கீழே இறக்கிவிடும். எதிரே சாலையைக் கடந்தால் போர்ம்லாவுக்குப் போகிற ஃபெர்ரி. பக்கத்திலேயே டைசா என்ற சின்னப் படகுகளும் நிற்கும். முன்னும் பின்னும் உயர்ந்து நிற்கும் மூக்கு, பளிச்சென்ற வண்ணம். ஒரு காலத்தில் பெரிய கப்பலிலிருந்து கரைக்கு ஆள் ஏற்றியவை இவைதான். முன்பெல்லாம் படகோட்டி நின்றுகொண்டே துடுப்புப் போடுவார், இப்போது பெரும்பாலும் சிறிய எஞ்சின். கட்டணத்தை ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் டைசா ஓடாது.

அங்கே என்ன பார்க்க வேண்டும்?

நேரம் இருப்பது ஒரு மதியம்தான் என்றால் பிர்கு மட்டும் போதும். முனையில் செயின்ட் ஆஞ்சலோ கோட்டை. 1565 முற்றுகையில் லா வலெட்டின் தலைமையிடம் அது. பிரிட்டிஷ் காலத்தில் கடற்படையின் தளம். பாறைக்குள் மணி வடிவத்தில் குடைந்த ஒரு பாதாளச் சிறை உள்ளே இருக்கிறது, தவறு செய்த வீரத்துறவியரை அதில் இறக்கிவிடுவார்களாம். கோட்டையின் உச்சியிலிருந்து பார்த்தால் வல்லெட்டா முழு நீளத்துக்கும் தெரியும். காலையில் அங்கிருந்து இங்கே பார்த்தோம், இப்போது இங்கிருந்து அங்கே. எல்மோவுக்கும் ஆஞ்சலோவுக்கும் நடுவில் எவ்வளவு குறுகலான தண்ணீர் என்பது இங்கே நின்றால்தான் உறைக்கும். அந்த வீரர்கள் தங்கள் தோழர்கள் சாவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஊருக்குள் விசாரணை அதிகாரியின் மாளிகை இருக்கிறது. சமயக் கொள்கைக்கு மாறாக நடந்தவர்களை 1574 முதல் 1798 வரை இங்கேதான் விசாரித்தார்கள். இங்கே அதிகாரியாக இருந்த இருவர் பிற்காலத்தில் போப்பாண்டவர் ஆனார்கள். மேல்தளத்தில் அழகான வரவேற்பறைகள், கீழே சிறை அறைகள். சிறைச் சுவரில் கைதிகள் கீறிய கோடுகளையும் கப்பல் உருவங்களையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கோட்டைகளில் எல்லாம் பெரியவர்களின் பெயர்தான் இருக்கும். பெயர் தெரியாத ஒருவரின் கைத்தடம் மிஞ்சியிருப்பது இந்தச் சுவரில்தான். இந்தத் துறைமுகத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இது.

செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தை ஒட்டிய சிற்றாலயத்தில் லா வலெட்டின் தொப்பியும் வாளும் இருக்கின்றன. அதற்குக் கீழே கடலோரத்தில் ஒரு நினைவுச் சின்னம்: 1979 மார்ச் 31 அன்று கடைசி பிரிட்டிஷ் படையினர் வெளியேறியதன் நினைவு. நாடு 1964இலேயே சுதந்திரம் அடைந்துவிட்டது. துறைமுகத்தை விட்டு அந்நியக் கப்பல்படை போக மேலும் 15 ஆண்டு ஆனது.

நடக்கத் தெம்பிருந்தால் செங்லேயாவின் முனைவரை போய் வாருங்கள். அங்கே கல்லாலான காவற்கூண்டு ஒன்று விளிம்பில் தொங்குகிறது. அதன் பக்கங்களில் ஒரு கண்ணும் ஒரு காதும் செதுக்கியிருக்கிறார்கள். ஊர் எப்போதும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறது என்று கடலைப் பார்த்துச் சொல்கிற எச்சரிக்கை.

இரண்டாம் உலகப்போரின் தடயங்கள் எங்கே இருக்கின்றன?

ஊர் முழுக்க. நகர வாசலில் நுழைந்ததும் வலப்பக்கம் கூரையில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும். 1866இல் திறந்த அரச ஓபரா அரங்கம் அது. 1942 ஏப்ரலில் குண்டு விழுந்து இடிந்தது. பல பத்தாண்டு அப்படியே கிடந்தது. கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ அந்த இடிபாட்டை இடிபாடாகவே வைத்து, நடுவில் திறந்தவெளி அரங்கம் அமைத்தார். பக்கத்தில் இருக்கும் நாடாளுமன்றமும் நகர வாசலும்கூட அவர் வடிவமைத்தவையே. உள்ளூர்க்காரர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை, பழையபடி கட்டியிருக்க வேண்டும் என்பார்கள். அந்தத் தூண்கள் அப்படியே நிற்பதுதான் சரி என்பது என் எண்ணம்.

1940 ஜூன் 11 அன்று, இத்தாலி போரில் இறங்கிய மறுநாளே, முதல் குண்டு விழுந்தது. 1942இல் நிலைமை மிக மோசம். மக்கள் பாறையைக் குடைந்து சுரங்கங்களில் குடியிருந்தார்கள். சாப்பாடும் எரிபொருளும் தீரும் நிலை. ஆகஸ்டில் 14 வணிகக் கப்பல்கள் துணைக் கப்பல்களோடு புறப்பட்டன, ஐந்துதான் வந்து சேர்ந்தன. கடைசியாக வந்தது ‘ஒஹாயோ’ என்ற எண்ணெய்க் கப்பல். குண்டடிபட்டு, எஞ்சின் செத்து, மூழ்காமல் இருக்க இருபுறமும் போர்க்கப்பல்களைக் கட்டி இழுத்துவந்தார்கள். ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். கரையெல்லாம் சனங்கள் நின்று பார்த்தார்கள். மால்டாவில் வயதானவர்கள் அந்தக் கப்பல் வரிசையை இன்னமும் ‘சாந்தா மரியா கப்பல்கள்’ என்றுதான் சொல்வார்கள்.

சுரங்க வாழ்க்கையைப் பார்க்க பிர்குவில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, கீழே நிஜமான பதுங்கு சுரங்கத்துக்குள் இறங்கலாம். வல்லெட்டாவில் அப்பர் பராக்காவுக்கு அடியில் லஸ்காரிஸ் போர் அறைகள். 1943 ஜூலையில் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கியதை அங்கிருந்துதான் இயக்கினார்கள். கொஞ்சம் தள்ளி மோஸ்தா ஊரின் பெரிய குவிமாடத் தேவாலயத்தில் 1942 ஏப்ரல் 9 அன்று திருப்பலிக்குக் கூடியிருந்தவர்கள் நடுவில் ஒரு குண்டு கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. வெடிக்கவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே மாதிரியான குண்டு ஒன்றை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

ஹைப்போஜியம் டிக்கெட் கிடைப்பதே இல்லையே?

மாதக்கணக்கில் முன்னாடியே பதிவு செய்தால் கிடைக்கும். துறைமுகத்தின் உள்முனையை அடுத்த பவோலா ஊரில், சாதாரணக் குடியிருப்புத் தெருவுக்கு அடியில் இருக்கிறது ஹால் சஃப்லீனி ஹைப்போஜியம். 1902இல் வீடு கட்டத் தண்ணீர்த் தொட்டி தோண்டிய வேலையாட்கள் தற்செயலாகக் கண்டுபிடித்தது. பாறையை மூன்று அடுக்காகக் குடைந்த நிலத்தடி இடுகாடு. உலோகக் கருவியே இல்லாத காலத்தில், கி.மு. 4000 முதல் 2500 வரையிலான காலகட்டத்தில் குடைந்திருக்கிறார்கள். ஏறக்குறைய 7000 பேரை இங்கே புதைத்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கூரையில் செங்காவிச் சுருள்கள் இன்னும் தெரிகின்றன. ஓர் அறையில் ஆண்குரலில் தாழ்ந்து பேசினால் பாறை முழுக்க அதிரும்.

மூச்சுக்காற்றின் ஈரம் அந்தக் காவிச் சாயத்தைக் கெடுக்கிறது. அதனால்தான் ஒரு நாளைக்கு 80 பேர் மட்டும். கேமராவும் கைபேசியும் உள்ளே கொண்டுபோக முடியாது, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. விமான டிக்கெட் எடுத்த கையோடு இதையும் எடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் கொஞ்ச தூரம் நடந்து தார்ஷீன் கற்கோயில்களைப் பாருங்கள். அப்புறம் வல்லெட்டாவின் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போய், ஹைப்போஜியத்தில் கிடைத்த ‘உறங்கும் பெண்’ சிலையைப் பாருங்கள். சுடுமண், 12 சென்டிமீட்டர் நீளம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒருக்களித்துப் படுத்து, தலைக்குக் கீழே கை வைத்து நிம்மதியாக உறங்குகிறாள்.

இந்தியாவோடு இந்தத் துறைமுகத்துக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்த பிறகு இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்வந்த கப்பல்கள் பல இங்கே நின்று நிலக்கரி ஏற்றின. 1888இல் சட்டம் படிக்கப் புறப்பட்ட 18 வயது காந்தியின் கப்பலும் அப்படி நின்றது. கிடைத்த சில மணி நேரத்தில் அவர் கரையிறங்கி, புனித யோவான் ஆலயத்தையும் ஆயுதக் கூடத்தையும் பார்த்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆயுதக் கூடம் இன்றும் சபைத் தலைவர் வாழ்ந்த கிராண்ட் மாஸ்டர் அரண்மனையில் இருக்கிறது, வரிசை வரிசையாகக் கவசங்கள்.

அதற்குப் பத்தாண்டு முன்பு, 1878இல், ரஷ்யாவுக்கு எச்சரிக்கையாக ஏறக்குறைய 7000 இந்திய வீரர்களை பிரிட்டிஷ் அரசு மால்டாவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. நம் பக்கத்து மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவினரும் அதில் இருந்தார்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

காலையில் பேராலயம் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் சுற்றுலாக் கப்பல் கூட்டம் வந்துவிடும். பன்னிரண்டு மணி வெடிக்கு அப்பர் பராக்கா. அப்படியே லிஃப்டில் இறங்கிப் படகில் பிர்கு. சாப்பாடு அங்கேயே. விசாரணை மாளிகையும் ஆஞ்சலோவும் பார்த்துவிட்டு, வெயில் தணியும்போது திரும்பும் படகில் ஏறுங்கள். சாயும் வெயிலில் இந்த ஊரின் சுண்ணாம்புக்கல் தேன் நிறமாகிவிடும். எல்மோ, பழைய தலைநகரான எம்தினா எல்லாம் அடுத்த தடவைக்கு. ஓடி ஓடிப் பத்து இடம் பார்ப்பதால் ஒன்றும் மனதில் நிற்காது.

வயதான அப்பா அம்மாவை அழைத்து வரலாமா?

தாராளமாக. முக்கியமான கடைத்தெருவும் பேராலயமும் பராக்காவும் ஓரளவு சமதளத்தில்தான் இருக்கின்றன. குறுக்குத் தெருக்களில்தான் படிக்கட்டு. கல் வழவழவென்று தேய்ந்திருக்கும், மழை பெய்தால் வழுக்கும். நல்ல பிடிமானமுள்ள செருப்பு அவசியம். ஆஞ்சலோவில் ஏற்றம் அதிகம். முட்டிவலிக்காரர்களுக்குப் படகுச் சவாரியும் விசாரணை மாளிகையும் போதும்.

எந்த மாதம் நல்லது? சைவம் கிடைக்குமா?

ஏப்ரல், மே, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் நிழலே இல்லாத கோட்டை மதில்களில் நடப்பது நமக்கே கஷ்டம். சைவத்துக்குப் பயப்பட வேண்டாம். பஸ்திட்சி என்று அடுக்கடுக்கான மாவுப் பண்டம் தெருவுக்குத் தெரு சுடச்சுடக் கிடைக்கும், உள்ளே ரிக்கோட்டாப் பாலாடைக்கட்டியோ பட்டாணியோ இருக்கும். மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதும் உண்டு என்பதால், உங்களுக்கு அது ஆகாது என்றால் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் ஆட்சிமொழி, எல்லோரும் பேசுவார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் திறந்திருக்குமா?

பேராலயம் ஞாயிறன்று சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியிருக்கும், வழிபாடு மட்டும். எனவே ஞாயிறு வந்தால் காலையில் மார்சஷ்லோக் மீன்சந்தைக்குப் போங்கள். மூக்கில் கண் வரைந்த மீன்பிடிப் படகுகளை அங்கே பார்க்கலாம். மதியம் படகேறி பிர்கு. பேராலயத்துக்குத் திங்கட்கிழமை காலையை ஒதுக்கி வையுங்கள். நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், முந்தைய நாள் இரவு அந்தந்த இடத்தின் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.